முயலுக்குக் கரடியைக் கூப்பிடத் தெரியவில்லை

சனிக்கிழமை காலை என்றால் நூலக மாடியில் குழந்தைகள் அறையில் கால் வைக்க இடம் இருக்காது. பொம்மை அக்காவின் ஆட்டம் அன்றுதான். ஒரு மரச்சட்டம், அதில் தொங்கும் நீலத்திரை, திரைக்கு மேலே தலைநீட்டும் விலங்குகள். பழைய குளியல் துண்டில் தைத்த கோபக்காரக் கரடி, வெள்ளைக் காலுறையில் செய்த பயந்தாங்கொள்ளி முயல், எதற்கெடுத்தாலும் மூக்கை உறிஞ்சும் யானைக்குட்டி. கோபம் வந்தால் உறுமுவதற்கு முன்னால் எதனால் கோபம் என்று சொல்லிவிட வேண்டும். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சுற்றிவளைத்து எத்தனை கதை கட்டினாலும் அக்கா குழந்தைகளுக்குச் சொன்னது இவ்வளவுதான். ஒற்றை ஆளாகத் திரைக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கையிலும் இரண்டு பொம்மையை மாட்டிக்கொண்டு, குரலை மாற்றி மாற்றிப் பேசுவாள்.

ஒரு வியாழக்கிழமை, திரையின் கயிற்றை இழுத்துக் கட்ட நாற்காலி மேல் ஏறியவள் கீழே விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. டாக்டர் முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்.

"சனிக்கிழமை ஷோ இருக்கு டாக்டர்," என்றாள்.

"இடது கை நல்லாத்தானே இருக்கு. குழந்தைங்களுக்கு டாட்டா காட்டுங்க," என்றார் அவர்.

செய்தி கேட்டு அடுத்த தெருவிலிருந்து அம்மா ஓடி வந்தாள். அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை போனாலும் குரல் போகவில்லை. குளியலறையிலிருந்து சோப்புக் கேட்டால்கூட, எந்த நடைமேடைக்கு என்று கேட்கத் தோன்றும்.

"இதுக்குப் போய் ஷோவை நிறுத்துவாங்களா? மாப்பிள்ளை ஒரு பொம்மை, நான் ஒரு பொம்மை. அவர்கிட்டக் கேட்டுச் சொல்லு," என்றாள்.

கேட்டுச் சொல்ல வேண்டிய மாப்பிள்ளை அதே சோபாவின் மறுமுனையில்தான் உட்கார்ந்திருந்தான்.

அந்த வீட்டில் அது வழக்கம். மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட வேண்டுமென்றால் முதலில் பேச வேண்டுமே. அவன் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவன். நாள் முழுக்க மெழுகும் அச்சும் அரமுமாக இருப்பவனுக்கு அங்கே பேச ஆளில்லை. அவன் கையில் இருக்கும் வாய்களும் பேசாது. வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் கொஞ்சம் பேசுவான். மாமியார் வந்துவிட்டால் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் எப்படியும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால் தொண்டையைக் கனைப்பான்.

"எனக்கு ஓகே," என்றான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"ஓகேவாம்மா," என்றாள் அக்கா, அம்மாவிடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. வீட்டுக் கூடத்தில் சட்டத்தை நிறுத்தி, வசனத்தைத் திரையின் உள்பக்கம் ஊசியால் குத்திவைத்து, மாவுக்கட்டைத் தலையணை மேல் சாய்த்துக்கொண்டு அக்கா எதிரே உட்கார்ந்தாள். கரடி எழுந்தது.

"கனிவான கவனத்திற்கு. கரடிக்குக் கோபம் வந்துகொண்டிருக்கிறது."

"அம்மா! கோபம் ரயில் இல்லம்மா."

"வருதுன்னுதானே எழுதியிருக்க?"

முயலோ திரைக்கு மேலே பாதி தலையைக் காட்டி முணுமுணுத்துவிட்டு இறங்கிவிட்டது. ஆனால் அதன் காது அசைந்த விதத்தைப் பார்த்து அக்கா ஆச்சரியப்பட்டாள். அரிசி அளவு பல்லைச் செதுக்கிப் பழகிய விரல்கள். ஒரு காது மட்டும் மெதுவாக மடிந்து நிமிர்ந்ததில் அத்தனை பயமும் தெரிந்தது. முயலுக்கு இரண்டு முன்பற்கள் அவனே செய்து ஒட்டியிருந்தான். முயல் வாயில் மனிதப் பல் பளபளப்பதைப் பார்த்து, "இது கடிக்குமாடி?" என்று மகளிடம் கேட்டாள் அம்மா.

சனிக்கிழமை அறை நிரம்பி வழிந்தது. அக்கா கடைசி வரிசையில் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தாள். தான் உருவாக்கிய விலங்குகளை அவளே பார்வையாளராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஆரம்பம் நன்றாகத்தான் போயிற்று. கரடியின் "கனிவான கவனத்திற்கு" கேட்டு அறையே உருண்டு புரண்டு சிரித்தது. கதைப்படி முயல் கரடியின் வீட்டுக்கு விருந்துக்கு வர வேண்டும். கரடி உறுமுவதைக் கேட்டு வாசலிலேயே நிற்க வேண்டும். ஏன் உள்ளே வரவில்லை என்று கரடி கேட்க வேண்டும். முயல் வந்தது, நின்றது. கரடி வாயைத் திறந்தது. அம்மா முழங்காலை மாற்றி வைக்கும்போது திரையை இழுத்துவிட்டாள் போலிருக்கிறது. காகிதம் சரிந்து கீழே விழும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

போச்சு, என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் முயல்," என்றது கரடி, அறிவிப்பாளர் குரல் இல்லாமல், "நீ ஏன் என்கூடப் பேசவே மாட்டேங்கற?"

அது வசனத்தில் இல்லை. முயலின் காது மடிந்து அப்படியே நின்றது.

"நான் வந்தா பேப்பரை எடுத்து மூஞ்சிய மறைச்சுக்கற. நான் போனப்புறம்தான் கீழ வைக்கற. நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"சொல்லு முயல்!" என்று முன்வரிசையில் ஒரு ஓட்டைப்பல் பையன் கத்தினான். "சொல்லிடு! சொன்னாச் சரியாயிடும்!" அது அக்கா சொல்லிக்கொடுத்ததுதான். அவள் மாவுக்கட்டை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முயல் மெதுவாக இன்னும் கொஞ்சம் மேலே வந்தது. "பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்? நான் கடிக்கிறேனா?"

"உங்க குரல். நீங்க பேசினா, என் வண்டி கிளம்பிடுச்சு, நான் பெட்டியோட தப்பான பிளாட்ஃபாரத்துல நிக்கறேன்னு தோணுது. என்ன பேசினாலும் தப்பாப் போயிடும்னு, பேசாம இருந்துடறேன்."

குழந்தைகள் சிரித்தார்கள். திரைக்குப் பின்னாலும் யாரோ சிரித்தது அக்காவுக்குக் கேட்டது, அம்மாவின் சிரிப்பு.

"அடப்பாவி," என்றது கரடி. "எனக்கு மட்டும் பயம் இல்லைன்னா நினைச்ச? ஒவ்வொரு தடவையும் உன் வீட்டு வாசல்ல நின்னு, இன்னிக்கு என்ன பேசலாம்னு யோசிச்சுட்டுத்தான் பெல் அடிப்பேன். நீ பேப்பரை எடுத்ததும் எல்லாம் மறந்துடும்."

இரட்டைச்சடைச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, டீச்சரிடம் கேட்பதுபோலக் கையைத் தூக்கினாள்.

"முயல், நீ கரடியை என்னன்னு கூப்பிடுவ?"

முயல் யோசித்தது. "கூப்பிட மாட்டேன். இப்படிப் பண்ணுவேன்." தொண்டையைக் கனைத்தது.

"அது பேரா?" என்றாள் சிறுமி, மிகுந்த கண்டிப்போடு. "அது இருமல்!"

பிறகு நடந்ததை யாராலும் அடக்க முடியவில்லை. ஆளாளுக்குப் பெயர் சொன்னார்கள். கரடி டீச்சர், கரடி சார், பஞ்சு மிட்டாய், டமாரம். நூலகர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மெதுவா, மெதுவா" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். முயல் எல்லாப் பெயரையும் கேட்டுவிட்டு, கரடியின் பக்கம் திரும்பி, "அத்தைன்னு கூப்பிடட்டுமா?" என்றது.

கரடி தன் துண்டுத்துணித் தலையை முயலின் தோளில் வைத்தது. அம்மாவுக்குக் கை வலித்துச் சாய்ந்ததா, வேண்டுமென்றே சாய்த்தாளா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. யானைக்குட்டி அன்றைக்கு மேடைக்கே வரவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இருவருக்கும் ஒரே வெட்கம். பொம்மை கையில் இருந்தபோது வந்த பேச்சு, பொம்மையைப் பைக்குள் போட்டதும் போய்விட்டது. ஆனால் நூலகப் படிக்கட்டில் ஒரு படி உடைந்திருந்த இடத்தில் அவன் தொண்டையைக் கனைத்தான், பாதியில் நிறுத்தினான், "அத்தை, படி பார்த்து," என்றான்.

"பார்த்துட்டேன், பார்த்துட்டேன்," என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள் அம்மா.

அடுத்த சனிக்கிழமைக்குள் 'பிளாட்ஃபாரக் கரடி' ஊர்ப்பிள்ளைகளின் வாயில் புகுந்துவிட்டது. ஒத்திகைக்கென்று அம்மா தினமும் சாயங்காலம் வந்தாள். மருமகன் வேலைக் கூடத்திலிருந்து நேரே வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "அத்தை, கரடிக்குத் தும்மல் வந்தா எப்படி இருக்கும்?" என்று ஆரம்பிப்பான். சமையலறை வரை சிரிப்புச் சத்தம் வரும். அக்கா ஒற்றைக் கையால் தேநீர் கலந்து எடுத்து வருவாள். அவர்கள் டம்ளரை வாங்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே பேச்சைத் தொடருவார்கள்.

மாவுக்கட்டைப் பிரித்த வாரம் அவள் திரைக்குப் பின்னால் போனாள். கரடியைக் கையில் மாட்டிக்கொண்டு எழுப்பி, பழைய குரலில் உறுமினாள்.

"இது வேற கரடி," என்றான் ஓட்டைப்பல் பையன். "எங்க கரடி எங்க?"

அவள் சிரித்துக்கொண்டே கரடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். வீட்டில் கேட்டதற்கு, "எனக்கென்ன, கொஞ்ச நாள் ஓய்வு," என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. கரடியின் கை கீழே இறங்குகிறது என்றாள். முயல் அளவுக்கு மீறிப் பேசுகிறது என்றாள். வீடு என்ன ரயில் நிலையமா என்றாள். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து பழுப்புக் கம்பளியில் புதிதாக ஒரு குரங்கு தைக்கத் தொடங்கினாள். எதற்குக் குரங்கு என்று கணவன் கேட்டபோது, "சும்மா," என்றாள்.

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லைன்னா," என்றாள் அம்மா எதிரிலிருந்து, "ஏண்டி அந்தக் குரங்குக்குக் காலைத் தலையில வெச்சுத் தெச்சிருக்க?"

அக்கா குனிந்து பார்த்தாள். உண்மைதான். குரங்கின் உச்சந்தலையில் ஒரு கால், பாதத்தோடு, கொம்புபோல நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பொறாமையா இருக்கு," என்றாள். "என் பொம்மை, என் திரை, என் கதை. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்னு எத்தனை வருஷமா ஏங்கினேன்! இப்பப் பேசறீங்க, எனக்குத்தான் இடமே இல்லை. ஊர்க் குழந்தைங்களுக்கெல்லாம் சொல்லிடு, சொல்லிடுன்னு சொல்றேன். எனக்கு வந்தா வாயே திறக்க மாட்டேங்குது."

கணவன் ஊசியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, குரங்கின் காலைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"நாங்க கண்டுக்கவே இல்லை பாரு," என்றான். "தப்பு எங்க மேலதான்."

"எனக்குத் தெரியும் இவளுக்கு என்னன்னு," என்றாள் அம்மா. "நாலு நாளாத் தெரியும். அவளே சொல்லட்டும்னு இருந்தேன்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"நீதானே சொல்லிக்கொடுத்த? அடுத்தவங்க மனசுல இருக்கறதை நாமளே சொல்லிடக் கூடாது, அவங்க சொல்ற வரைக்கும் காத்திருக்கணும்னு. யானைக்குட்டி கதைல வருதே."

அக்காவுக்கு அப்படி ஒரு கதை எழுதியதே மறந்துபோயிருந்தது.

பொறாமைக்காரக் குரங்கு அந்தச் சனிக்கிழமையே மேடை ஏறியது. கரடியும் முயலும் குசுகுசுவென்று பேசிச் சிரிக்க, குரங்கு ஓரத்தில் வாலைக் கடித்துக்கொண்டு நின்றது. அக்கா ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். "குரங்கையும் சேர்த்துக்கோங்க!" என்று போட்ட கூச்சலில் கீழ்த்தளத்தில் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தார், பார்த்தவர் முடியும் வரை கதவருகிலேயே நின்றுவிட்டார்.

ஒரே சங்கடம், திரைக்குப் பின்னால் மூன்று பேருக்கு இடமில்லை. அக்காவின் முழங்கை அம்மாவின் விலாவிலும், கரடியின் காது மருமகனின் வாயிலும் இருந்தன. சட்டத்தை அகலமாக்கினார்கள். அகலமான சட்டத்துக்குப் புதுத்துணி வேண்டும் என்று மூவருமாகத் துணிக்கடைக்குப் போனார்கள்.

"பச்சை," என்றாள் அம்மா. "காடு மாதிரி இருக்கும்."

"பச்சைல குரங்கு எடுபடாது அத்தை. மஞ்சள்தான் சரி."

"மஞ்சளா? அழுக்கு எப்படித் தெரியும் தெரியுமா? துவைக்கறது நீங்களா?"

"நானே துவைக்கறேன்!"

"வீட்டுல ஒரு கைக்குட்டை துவைச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் பச்சையை விரித்தார், மஞ்சளை விரித்தார், இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவைப் பார்த்தார்.

"ஏங்க, இவங்க எப்பவும் இப்படித்தானா?"

"இல்லைங்க, இப்பத்தான்," என்றாள் அக்கா. ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "அவசரமே இல்லை. முடிக்கட்டும்."