நாற்பது ஆம்ப்ஸ்

மெஷின் மறுபடியும் நின்றுபோனது. ஆறு ஃபினாயில் பாட்டில்கள், மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள் பாதி சுருங்கிய நிலையில், சூட்டுக்கூண்டுக்குள் சிக்கிக் கிடந்தன. திலகவதி கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு சுவரிலிருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். லோடு கூடினால் தானாகக் கரண்ட்டை வெட்டிவிடும் எம்.சி.பி. டிரிப் ஆகி, அதன் கறுப்பு நாக்கு கீழே இறங்கியிருந்தது. அதை அவர்கள் தொடக்கூடாது. எலக்ட்ரீஷியன் வந்து தூக்கிவிடும்வரை அவளும் சுகிர்தாவும் மற்ற பெண்களும் நின்றபடியே காத்திருக்க வேண்டும்.

புதுவாயலைத் தாண்டி இருந்த அந்தப் பேக்கிங் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் நின்ற நேரத்தைப் பெண்களின் சாப்பாட்டு நேரத்தில் கழித்துவிடுவார்கள். புது ஹீட்டர் மாட்டியதிலிருந்து டிபன் பாக்ஸைத் திறந்து மூடுவதற்குள் சங்கு ஊதிவிடுகிறது. மெஷின் படுத்தால் பெண்கள் பட்டினி. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்க முடியாது. அத்தனை பேரும் கான்ட்ராக்ட்.

எலக்ட்ரீஷியன் எட்வர்ட் ஏணியோடு வந்தான். பின்னாலேயே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் மணவாளனும் வந்தார்.

"சார், புது ஹீட்டரு இருபத்தாறு ஆம்ப்ஸ் இழுக்குது. பதினாறு ஆம்ப்ஸ் எம்.சி.பி. இன்னா பண்ணும்? டிரிப் ஆவத்தான் செய்யும்."

"ஸ்டோர்ல நாப்பது ஆம்ப்ஸ் ஒண்ணு கெடக்குது பாரு. அத மாட்டு."

"அத்த மட்டும் மாட்டக் கூடாது சார். ஒயரும் சாக்கெட்டும் சின்னது. முப்பத்திரண்டு போட்டு, தடியா ஒயர் இழுத்து, பெரிய சாக்கெட்டு வெக்கணும். இல்லாங்காட்டி சாக்கெட்டு வெந்தாலும் இது டிரிப் ஆவாது."

"அதெல்லாம் பர்ச்சேஸ் போய் வரணும்ப்பா. அதுவரைக்கும் புரொடக்‌ஷன நிறுத்திடலாமா?"

எட்வர்ட் பெண்களின் பக்கம் திரும்பினான். திலகவதிக்குப் பசி காதை அடைத்தது. "மாட்டிடு நைனா, உனுக்குப் புண்ணியமாப் பூடும். ஒரு நாளாச்சும் உக்காந்து சோறு துன்றோம்" என்றாள். அவன் ஏணியில் ஏறினான்.

அதன்பிறகு டிரிப் ஆகவேயில்லை. பெண்கள் ரசம் ஊற்றி, மோர் ஊற்றி, நிதானமாகச் சாப்பிட்டார்கள். சுகிர்தா எட்வர்டுக்குக் காராமணிச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் சாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்றான்.

சுவிட்ச் இறுகிப்போயிருந்ததால், ஷிஃப்ட் முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிளக்கைப் பிடுங்குவது திலகவதியின் வேலை. முதலில் பிளக் வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு சுட்டது. அதற்கும் பிறகு மயிர் பொசுங்குகிற நாற்றம் அடித்தது. மணவாளனிடம் போய்ச் சொன்னாள். "புது ஹீட்டர்னா கொஞ்ச நாள் நாறத்தாம்மா செய்யும்" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பிளக் வரவில்லை. சாக்கெட்டோடு உருகி ஒட்டியிருந்தது அவளுக்குத் தெரியாது. பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். பிளக் பிய்ந்துகொண்டு வந்தது. கொதிக்கிற பிளாஸ்டிக் வலது உள்ளங்கை முழுக்க அப்பிக்கொண்டது. அவள் போட்ட அலறலில் அடுத்த ஷெட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடிவந்தார்கள். நாற்பது ஆம்ப்ஸ் மட்டும் பெட்டிக்குள் அசையாமல் நிமிர்ந்து நின்றது.

மணவாளனே அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். டாக்டர் கேட்பதற்கு முன்னால், "ஊட்ல தோசக்கல்லப் புடிச்சிட்டாங்க டாக்டர்" என்றார். வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "மாட்டச் சொன்னது நீதான? எல்லாரும் காதால கேட்டாங்க. பேசாம இருந்தீன்னா வேலை இருக்கும்."

அன்றைக்கு அவளுடைய புருஷன் வெங்கடேசன், "வேலில போற ஓணான எடுத்து மடில உட்டுக்கினியே" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"ஓணானா? சோறு துன்ன நேரம் கேட்டன்யா நானு!" என்றாள் திலகவதி.

கட்டுப் பிரிக்கும்வரை வீட்டில் இருந்தால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடும். திங்கட்கிழமை கட்டோடு போனாள். மெஷின் பக்கத்தில் புத்தம்புதிய பெடஸ்டல் ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சூட்டுக்கூண்டு முன்னால் வெந்துகொண்டு இரண்டு கோடையாக அவர்கள் கேட்ட ஃபேன். என் கை வெந்ததற்கு இதாவது வந்ததே என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது.

கிட்டே போனாள். ஃபேன் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சுவரில் அதே அளவில் புது சாக்கெட், புது பிளக். பெட்டியில் அதே நாற்பது ஆம்ப்ஸ். சுகிர்தாவின் மோவாயில் வேர்வை சொட்டியது.

"எட்வர்டு எங்கடி?"

"பெரிய சாக்கெட்டு இல்லாம மாட்ட மாட்டேன்னு நின்னுக்கினான்க்கா. வேலைய உட்டு அனுப்சிட்டாங்க. வேற யாரையோ கூட்டியாந்து மாட்னாங்க."

திலகவதி இடது கையால் ஃபேனின் கழுத்தைப் பிடித்துப் பெண்கள் பக்கம் திருப்பினாள். காற்று முகத்தில் பட்டதும் சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

மணவாளன் ஓடிவந்தார். "ஏம்மா, யாரக் கேட்டுத் திருப்பின? இது உங்களுக்கில்ல. பிளக் சூடாவுதுன்னு வாங்கினது."

அவர் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி, இனி யாரும் அசைக்க முடியாதபடி கட்டுக்கம்பியால் கழுத்தை முறுக்கிக் கட்டினார். பிறகு பிளக்குக்கு நேராகக் கையை நீட்டி, காற்று சரியாகப் படுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.