ரஃபிலினாவின் மூன்றாம் மாடி

மார்ச் மாதத்துத் தொடர் நிலநடுக்கம் ஓய்ந்த காலையில், ரஃபிலினாவின் வீடு தனக்குக் கீழிருந்த இரண்டாம் மாடியை விட்டு ஒரு முழம் மேலே நின்றது. சுவரில் விரிசல் இல்லை. அலமாரியில் ஒரு கோப்பைகூட உடையவில்லை. இரண்டு மாடிகளுக்கும் இடையிலிருந்த சந்து வழியாகப் பொஸ்ஸுவோலித் துறைமுகமும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. தண்ணீர்க் குழாய் தேவையான அளவுக்குத் தானே நீண்டிருந்தது. அன்று நெத்திலி மலிவாக விற்றது. இரண்டாம் மாடி ஜெல்சொமினா தன் தலைக்கு மேலே புதிதாக வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, இனி துணி சீக்கிரம் காயும் என்று சொல்லி, சந்தின் ஓரமாகக் கொடி கட்டிக்கொண்டாள்.

எரிமலையின் வாய்க்குள் கட்டிய ஊர் அது. அடியில் கிடப்பது சாதாரண மலை அல்ல, வெடித்தால் வளைகுடாவையே விழுங்கிவிடும் என்பதும், நாளையும் வெடிக்கலாம், ஆயிரம் வருஷம் தூங்கியும் கிடக்கலாம் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். நிலம் மூச்சு இழுத்ததுபோல் மாதாமாதம் விரலளவு எழும். எழும்போதெல்லாம் நடுங்கும். துறைமுகத்தில் தண்ணீர் வற்றிப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அவற்றில் ஒன்று ரஃபிலினாவின் கணவன் ப்ரோகோலோவுடையது. அவன் ஏழு வயதில் ஒரு நடுக்கத்தின்போது, உத்தரம் விழுந்து, படுத்திருந்த தலையணை இரண்டாகப் பிளந்ததைப் பார்த்தவன். நடுக்கம் தொடங்கினால் அவனுக்குக் கூரை ஆகாது. பிப்ரவரியிலேயே அவன் கடற்கரைத் திடலில் காரை நிறுத்தி அதற்குள் படுக்கப் போய்விட்டான். ரஃபிலினா போகவில்லை. பல வருஷங்களுக்கு முன் இதேபோல் நிலம் எழுந்த சமயம், அவளுடைய அம்மாவைப் பாறைமேல் இருந்த பழைய குடியிருப்பிலிருந்து சிப்பாய்கள் இறக்கிவிட்டபோது, சீக்கிரமே திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். காப்பிப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிய அம்மா, சாகும்வரை அந்த வாசற்படியை மறுபடி மிதிக்கவில்லை.

ஆகவே அவள் மேலேயும் அவன் கீழேயும் இருந்தார்கள். அந்த ஊரில் மாடி வீட்டுப் பெண்கள் ரொட்டி வாங்குவதற்குப் பலகணியிலிருந்து கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அந்தக் கூடையில்தான் அவர்களுடைய குடும்பம் நடந்தது. சாப்பாடு இறங்கியது, அழுக்குச் சட்டை ஏறியது. ஒவ்வொரு நடுக்கத்துக்குப் பிறகும் வீடு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அவள் கயிற்றில் ஒரு துண்டை முடிந்து நீட்டினாள், குரலையும் கொஞ்சம் உயர்த்தினாள்.

"நீ இறங்கி வா. கார்ல ரெண்டு பேருக்கு இடமிருக்கு," என்பான் ப்ரோகோலோ.

"காலை நீட்ட இடமில்லைன்னு நேத்து புலம்பினது யாரு? உன் பாட்டனா?"

மே மாதம் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லித் தலைக்கவசத்தோடு ஒரு பொறியாளன் வந்தான். ஜெல்சொமினா தன் தங்கை வீட்டுக்குப் போனாள். துணி காயப்போட மட்டும் தினமும் வந்தாள். ரஃபிலினா பலகணியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தம்பி, நடுங்குறது நீ நிக்கிற இடம். நீதான் காலி பண்ணணும்."

அவன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அபாய வட்டம் தரையில் போட்டிருந்தது. வானத்தில் எவ்வளவு உயரம் வரைக்கும் என்று யாரும் குறித்திருக்கவில்லை. மேலிடத்தில் கேட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை.

கோடையில் ப்ரோகோலோ இரும்பு ஏணி ஒன்று செய்தான். மனைவியைக் கையைப் பிடித்து இறக்கிவிடலாம் என்பது அவன் எண்ணம். பொஸ்ஸுவோலி மீனவர்கள் எதையும் துறைமுகச் சுவரில் கடல் நிற்கும் கோட்டிலிருந்துதான் அளப்பார்கள். சுவர் எவ்வளவு எழுந்ததோ, படகுக்கு இறங்கும் ஏணியில் அவ்வளவு படி சேர்ப்பார்கள். அதே கணக்கில் இதற்கும் படி வைத்தான். நிலம் ஒரு சாண் எழுந்தால் அந்த வீடு ஒரு ஆள் உயரம் எழுகிறது என்பதை அவன் யோசிக்கவில்லை. ஏணியைச் சாத்தியபோது அதன் நுனிக்கும் பலகணிக்கும் நடுவே புறாக்கள் பறந்தன. தெருவே சிரித்தது. ரஃபிலினா சிரிக்கவில்லை.

செப்டம்பரில் பெரிய நடுக்கம் ஒன்று வந்தது. தேவாலய மணி தானாக அடித்தது. கந்தக வாடை தெருவெல்லாம் நின்றது. அதன் பிறகு கூடை முதல் மாடி உயரத்திலேயே நின்றுவிட்டது. அவளிடம் அதற்குமேல் கயிறு இல்லை. தெருவிலிருந்து கத்திப் பேசினால் பாதிச் சொல்தான் போய்ச் சேர்ந்தது. ப்ரோகோலோ திடலில் உட்கார்ந்து வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு நடுக்கம் வந்தால் குரலும் எட்டாது. அவளை இறங்கச் சொல்வது அவள் அம்மாவை இன்னொரு முறை இறக்குவது போலத்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கூரையோ, உத்தரமோ, அவள் இருப்பது அங்கேதான்.

அவன் படகிலிருந்த வலைக்கயிறு முழுவதையும் அவிழ்த்தான். வலை இழுக்கும் சக்கரத்தையும் கழற்றினான். சக்கரம் போனால் படகு வெறும் பலகை. ஏணியில் ஏறி நின்று கூடையில் கயிற்றையும், சக்கரத்தைப் பகுதி பகுதியாகவும் வைத்து அனுப்பினான். அவள் பலகணிக் கம்பியில் சக்கரத்தைப் பூட்டினாள். மறுநாள் நண்பகலில் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டான். மேலே ரஃபிலினா சக்கரத்தைச் சுற்றி அவனை இழுத்தாள். ஜெல்சொமினா கொடியிலிருந்த போர்வைகளை ஒதுக்கி வழிவிட்டாள். "இந்த வயசுல மாப்பிள்ளை ஊர்வலமா?" என்றாள்.

மேலே வந்தவனை ரஃபிலினா மேசைமுன் உட்காரவைத்தாள். சிப்பி போட்ட பாஸ்தா வைத்தாள். அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். பிறகு இருவரும் படுத்தார்கள். கீழே ஊர் குலுங்கும் சத்தம் வந்தது; இங்கே மேசைமேல் இருந்த தண்ணீர்கூட அசையவில்லை. அவன் இந்தப் பக்கம் புரண்டான், அந்தப் பக்கம் புரண்டான்.

"என்ன இப்படிப் புரளுற?"

"ஒண்ணுமே ஆடலை ரஃபிலினா. தூக்கம் வரமாட்டேங்குது."

அவள் ஒரு காலை எடுத்துச் சுவரில் ஊன்றி, கட்டிலை மெல்ல ஆட்டினாள். அவன் குறட்டை விடும்வரை ஆட்டினாள்.

நிலம் அசையாத நாட்களிலும் பிற்பகலில் அந்த ஒரு வீடு மட்டும் வானத்தில் லேசாக ஆடுவதைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி நடக்கிறார்கள்.