இரண்டு காலும் சமம்

விடியுமுன்பே ஆனையூர்ப் பக்கத்துப் பார்சல் குடோனில் லாரிகள் பின்வாங்கி நின்றுவிடும். பெண்கள் டயரில் கால்வைத்துத் தட்டில் ஏறுவார்கள். பெட்டியை வலது இடுப்பில் அணைத்தபடி கீழே குதிப்பார்கள். இறங்கப் படி கிடையாது. இடுப்பில் பெட்டி இடிக்கும்போது வலது காலை முன்னே விட முடியாது என்பதால் எல்லோருமே இடது காலில்தான் இறங்குவார்கள். சிமெண்டுத் தரையில் தொம், தொம் என்று சத்தம் விழுந்துகொண்டே இருக்கும். அட்டைத் தூசி தொண்டையில் ஒட்டும்.

நாகஜோதி இன்று சுவரோரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மழைநாளில் குதித்தபோது இடது கால் வழுக்கி, உடம்பின் பாரமெல்லாம் வலது முழங்காலில் இறங்கி அது முறுக்கிக்கொண்டது. உள்ளே ஜவ்வு அறுந்துபோனது. தொடைக்குப் பின்னாலிருந்து தசைநாணை எடுத்து, எலும்பில் துளைபோட்டு, புதிதாகக் கட்டினார்கள். அதன்பிறகு குழந்தையைப்போல அந்தக் காலைத் தூக்கவும் மடக்கவும் நடக்கவும் பழக்கினாள். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த ரோகிணி, “நடங்கக்கா, மேஜை வேலை பாருங்க. லாரியிலேர்ந்து மட்டும் குதிச்சிராதீங்க. மறுபடி அறுந்தா ரொம்பக் கஷ்டம்” என்று சொல்லியிருந்தாள்.

முதலாளி வெங்கடேஷ்பாபு வேறு மாதிரி சொன்னார்: “நம்ம ஆளு வந்து கால அளந்து பார்ப்பாரு. தேறினா லாரி. தேறலன்னா வீடு.”

வீடு என்றால் என்னவென்று நாகஜோதிக்குத் தெரியும். படுத்திருந்த மாதங்களில் கஞ்சியைக்கூடக் குற்றவாளிபோலக் குடித்திருக்கிறாள்.

“பல்லக் கடிச்சுக்கிட்டுக் குதிச்சிரு ஆத்தா” என்று கூடவே பெட்டி இறக்கும் பாண்டியம்மாள் காலையிலேயே காதில் ஓதியிருந்தாள். “முதல்ல உள்ள வந்துரு. மத்ததப் பெறகு பாப்போம்.”

அளக்க வந்த சூரியபிரகாஷ் இளைஞன். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு டேப்பை விரித்தான்.

“ஒத்தக் கால்ல எம்புட்டுத் தூரம் தாண்ட முடியுதுன்னு பாக்கணும்க்கா. முதல்ல நல்ல கால். ஆபரேஷன் பண்ண கால் அதுக்குச் சமமாத் தாண்டினா தேறினதாக் கணக்கு.”

இடது காலில் நின்றாள். முழங்கால் ‘கறுக்’கென்றது. தாண்டினாள். கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது கால். மறுபடி தாண்டினாள். அதே இடம். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஆபரேஷன் செய்த காலில் தாண்டினாள். வலி இடுப்புவரை ஏறியது.

“ரெண்டும் ஏறக்குறைய சமம் சார்” என்றவன் தயங்கினான். “ஆனா நல்ல காலே ரொம்பக் கம்மியாத்தான் சார்...”

“சமமா, இல்லையா?” என்று குறுக்கே கேட்டார் பக்கத்தில் நின்ற வெங்கடேஷ்பாபு.

“சமம்தான் சார்.”

“அப்ப தேறியாச்சு. நாளைக்கு லாரியில ஏறு நாகஜோதி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கசந்த சிரிப்பு. இத்தனை மாதமும் வலது காலைத்தான் வெறுத்தாள், தடவினாள், கெஞ்சினாள். இடது காலிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அது பாட்டுக்குத் தாங்கும் என்று நினைத்தாள். தாங்கித் தாங்கியே அது சத்தமில்லாமல் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த காலை அளவாக வைத்து அறுந்த கால் தேறிவிட்டது என்கிறார்கள்.

“சார், கொஞ்ச நாளைக்கு மேஜை வேலை...”

“மேஜையில உக்கார நீ என்ன கலெக்டரா?”

“என் நல்ல கால் எதனால சார் இப்படிப் போச்சு?”

“வயசு.”

லாரித் தட்டிலிருந்து குரல் வந்தது. “முப்பது வயசுக்காரிக்கு வயசாம்ல! அப்ப என்னையெல்லாம் எரிச்சே இருக்கணும்.”

பாண்டியம்மாள் பெட்டியைக் கீழே வைத்தாள். குதிக்கவில்லை. தட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, சறுக்கி இறங்கி, கோட்டருகே வந்தாள்.

“தம்பி, என்னையும் அளங்க.”

சேலையைத் தூக்கிச் செருகி இடது காலில் தாண்டினாள். கால் கோட்டின் மேலேயே விழுந்தது. சாயப்போனவளை நாகஜோதி பிடித்தாள். கனகலட்சுமியும் தட்டிலிருந்து சறுக்கி இறங்கினாள். பின்னால் மற்றவர்களும் அளக்க வரிசையில் நின்றார்கள்.

“என்ன வெளையாட்டு இது? வேலையப் பாருங்க. இல்லேன்னா பேரையூர்லேர்ந்து ஆள் இறக்கிருவேன்.”

“இறக்குங்க சார். அவுகளுக்கும் இதே லாரிதான, இதே தரைதான” என்றாள் பாண்டியம்மாள். “லாரிக்கு ஒரு படி வைங்க. இவளுக்கு மேஜை வேலை குடுங்க. அதுவரைக்கும் ஒருத்தியும் குதிக்க மாட்டோம்.”

வெங்கடேஷ்பாபு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். யாரையோ உடனே வரச்சொல்லும் குரல் கேட்டது. தன் ஒருத்தியின் காலுக்காக இத்தனை அடுப்பும் அணைந்துவிடுமோ? பாண்டியம்மாள் அவள் தோளில் கையை வைத்தாள். கோட்டுக்குப் பின்னால் வரிசை குடோனின் மறுகோடிவரை நீண்டிருந்தது.

சூரியபிரகாஷ் வாசலைப் பார்த்தபடி டேப்பைச் சுருட்டத் தொடங்கினான்.

“சுருட்டாதீக தம்பி” என்றாள் நாகஜோதி. “இன்னும் ஆள் இருக்கு.”