வரப்பில் நிற்க வேண்டியவர்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் நெல் பயிரிட்டவர். வயலில் கால் வைக்காமலே பயிரிட்டவர். வரப்பில் குடை பிடித்து நின்று, "ஏய், அந்த மூலையைப் பாரு" என்பதோடு அவர் விவசாயம் முடிந்துவிடும். களைக்கு மருந்து அடித்து அடித்தே மண் கல்லாய் இறுகி, விளைச்சல் பாதியானது. வேறு வழியில்லாமல்தான் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தார்.

சங்கத்தில் மருந்து கிடையாது, கையால்தான் களையெடுப்பு. அடுத்தவர் வயலில் நாம் ஒரு நாள் இறங்கினால்தான் நம் வயலுக்குப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பக் கூடாது. எங்கள் வயலிலோ களை பயிரை முந்திக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு வாரம் விட்டால் வைக்கோல்கூட மிஞ்சாது.

சீட்டுக் குலுக்கியதில் இவருக்கு யார் வயல் விழுந்தது என்கிறீர்கள்? இருபது வருஷமாக இவர் "ஏய்" என்றே கூப்பிட்ட நெட்டையம்மாவின் அரை ஏக்கர். எங்களிடம் கூலிக்கு வந்தவருக்குச் சங்கம் குத்தகைக்குப் பிடித்துக் கொடுத்த நிலம்.

"காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

"வயல்லயே வரட்டும்" என்று அனுப்பிவைத்தேன்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனால், நெட்டையம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இவர் நெல்லைப் பிடுங்கிக் கரையில் அழகாக அடுக்கிவிட்டு, களையைப் பத்திரமாக விட்டுவைத்திருந்தார். அந்தம்மா சொல்லித்தான் எனக்கே அது தெரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் சங்கத்து நோட்டு ஞாபகம் வந்தது. இவர் ஒழுங்காக வேலை செய்தார் என்று அதில் அந்தம்மா கையெழுத்துப் போடாவிட்டால் எங்கள் வயலுக்கு யாரும் வர மாட்டார்கள்.

சாயங்காலம் சங்கச் செயலாளர் நோட்டோடு வந்தார். பிடுங்கிய பயிரைத் திரும்ப ஊன்றிக்கொண்டே நெட்டையம்மா சொன்னார்: "குனிஞ்ச தலை நிமிராம வேலை செஞ்சாரு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடறேன். ஆனா நாளைக்கு அவங்க வயல்ல நாங்க எறங்கும்போது இவரு வரப்புலயே நிக்கட்டும். உள்ள மட்டும் விட்டுடாதீங்க."

செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். இவர் குடையை என் கையில் திணித்துவிட்டு, நேராகச் சேற்றில் இறங்கி நெட்டையம்மா பக்கத்தில் குனிந்தார். ஒரு செடியைத் தொட்டார், பிடுங்கவில்லை.

"அக்கா, இது நெல்லா, களையா?"

நெட்டையம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நெல்லுதான். மெதுவா கேளுங்க, அது காதுல விழுந்தா கோவிச்சுக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடையை மடக்கி வரப்பில் போட்டுவிட்டு நானும் இறங்கினேன். எனக்கும்தான் எது களை என்று தெரியாது.