பாதுஷா வெட்டாத கை

ஆக்ராவில் தாஜ்மஹாலை ஒரு மணி நேரத்தில் காட்டி முடித்துவிடலாம். கடையைக் காட்டத்தான் நேரம் போதாது. அரை நாள் சுற்றுலா என்று பெயர். கோட்டையில் ஓட்டம், தாஜில் நடை; நாற்காலி, குளிர்பானம், உபசாரம் எல்லாம் சலவைக்கல் கடையில். வேன்காரனுக்கும் சுற்றுலா கம்பெனிக்கும் அங்கேதான் கமிஷன். வழிகாட்டி மெஹ்னாஸுக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். கடைக்குள் போகாமல் வேனிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

அன்றைக்கு இந்தூரிலிருந்து வந்த கூட்டம். தாஜின் மேடையில் வைத்து, பேங்கில் பெரிய வேலை பார்த்து ரிட்டயரான வியாஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கட்டி முடித்ததும் தொழிலாளிகளின் கையை பாதுஷா வெட்டிவிட்டாராமே?

"வெட்டியிருந்தா, அதுக்கப்புறம் தில்லியில அவ்வளவு பெரிய மசூதியைக் காலாலயா கட்டினாங்க?" என்றாள் மெஹ்னாஸ்.

கூட்டம் சிரித்தது. வியாஸ் சிரிக்கவில்லை. ரத்தம் சொட்டுகிற கதையை எதிர்பார்த்து வந்த மனுஷருக்கு, பாவம், முகம் தொங்கிப்போனது.

கடை வாசலில் வேன் நின்றபோது இந்தத் தடவை அவளும் இறங்கினாள். உள்ளே தம்பி தன்வீர் வேலை பார்க்கிறான். போன குளிர்காலத்தில் இதே கடையின் பின்கட்டில், கல் அறுக்கும் மிஷினில் அவன் வலது கை சிக்கி மூன்று விரல் போயிற்று. தடுப்புத் தகடு உடைந்து கிடந்தும் மாற்றாமல் ஓட்டிய மிஷின். முதலாளி ஹாஜி மக்பூல் கட்டுப்போட்ட செலவைக் கொடுத்துவிட்டு, எல்லாம் விதி என்று சொல்லிவிட்டார். விதிக்கு ஒரு தகடு வாங்கிப் போட வக்கில்லை. பிறகு என்ன தோன்றியதோ, முன்கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கொடுத்தார். என்ன வேலை என்று கேட்டால் தம்பி பேச்சை மாற்றுவான்; இன்றைக்கு நேரிலேயே பார்த்துவிடலாம் என்றுதான் அவள் இறங்கினாள். வேலை கொடுத்தாரே என்று மனம் குளிர்ந்து, ஈத் அன்று ஹாஜி வீட்டுக்குச் சேமியா பாயசம் வேறு கொடுத்தனுப்பினாள்.

உள்ளே, சிவப்புக் கம்பளத்தின் நடுவில் தன்வீரை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வலது கை ஒரு வெல்வெட் தலையணைமேல் இருந்தது. மேலே விளக்கு.

தாஜ் கட்டியவர்களின் வாரிசு இவர், என்று விற்பனையாள் ஆரம்பித்தான். பாதுஷா கையை வெட்டினதிலிருந்து அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருத்தர் இப்படித்தான் பிறக்கிறார்களாம். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். வியாஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இல்லவே இல்லைன்னீங்களே மேடம்" என்றார்.

தம்பி தலை நிமிரவில்லை. கல்லாவிலிருந்து ஹாஜி மெதுவாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. தம்பி வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மெஹ்னாஸ் வாய் திறந்தால் அவன் வேலையும் போகும், அவள் வேலையும் போகும். எல்லாம் தெரிந்துதான் திறந்தாள்.

"இவன் என் கூடப்பிறந்தவன். முழுசா அஞ்சு விரலோட பிறந்த கை இது. இந்த விரலைப் புடிச்சுத்தான் நான் இவனுக்கு நடை பழக்கினேன். வெட்டினது பாதுஷா இல்ல. இந்தக் கடையோட பின்கட்டுல ஒரு மிஷின் இருக்கு, போய்ப் பாருங்க."

ஹாஜி பதறவில்லை. சிரித்த முகத்தோடு எழுந்து வந்தார்.

"மகளுக்கு வெயில்ல அலைஞ்சு தலை சுத்துது போல. தன்வீர், நீயே சொல்லுப்பா."

தன்வீர் தலையணையைப் பார்த்தபடியே சொன்னான். "பாதுஷாதான் வெட்டினாரு. இந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது."

அவன்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அவ்வளவும் ஹாஜிமேல் போனது. விரலைப் பறித்தது போதாமல் அதையே கடைக்கு விளம்பரமாக்கி, விரல் போனவன் வாயாலேயே சாட்சியும் சொல்ல வைத்துவிட்டாரே. செத்துப்போன பாதுஷா வந்து மறுக்கவா போகிறார்?

வியாஸ் கைப்பேசியை எடுத்தார். கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கச் சொன்னார். தன்வீர் தூக்கினான்.

மெஹ்னாஸ் போய்க் குறுக்கே நின்றாள்.

"நகருங்க மேடம், கை மறைக்குது."

"மறைக்கத்தான் நிக்கிறேன்."

விற்பனையாள் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் தடுமாறிக் கம்பளத்தில் விழப்போனாள். பின்னாலிருந்து அந்தக் குறைக்கை பாய்ந்து வந்து, மிச்சமிருந்த விரல்களால் அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டது.

"பாத்து, அக்கா" என்றான் தன்வீர்.

கடை முழுக்க அது கேட்டது. வியாஸ் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டு ஹாஜியைப் பார்த்தார்.