பெருவிரல் பாடம்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்: அடைக்கலசாமி. 1939இல் அவரும் அவர் தம்பி பாக்கியராஜும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போனார்கள். நடுவில் யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. 1946 ஆடியில் அரியலூர் ஸ்டேஷனில் அவர் மட்டும் இறங்கினார். தம்பியை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப்போனான், அங்கே தம்பி காலராவில் செத்துப்போனான் என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து பெயரவில்லை. ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பூசை வைத்தோம், அழுதோம், கடலை விதைத்தோம்.

வந்தவர் தூங்கவில்லை. படுப்பார், கண் திறந்தே இருக்கும். அசந்து மூடினாலும் கால் நாழிகையில் யாரோ தோளைத் தட்டியதுபோல் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அரியலூர் டாக்டர் கொடுத்த மருந்து இரண்டு நாள் கேட்டது, மூன்றாம் நாள் அதுவும் கைவிட்டது. ஒரு வருஷத்தில் கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. ஏர் பிடித்தால் சால் கோணிக்கொண்டு பக்கத்துக் கொல்லைக்குப் போனது. மண்வெட்டியைக் காலிலேயே போட்டுக்கொண்டார். நாடே சுதந்திரம் வாங்கிய அந்த வருஷம், இந்த ஒரு மனிதருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் வாங்கித் தர முடியாமல் நான் திண்டாடினேன். இப்படியே போனால் ஆள் மிஞ்சமாட்டார் என்று ஊரே பேசியது. என் காதில் விழுகிற மாதிரியே பேசியது.

ஒரு நாள் மத்தியானம் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"கடைசியா எப்பதாங்க நல்லாத் தூங்குனீங்க?"

"ஈப்போவுல. ஆஸ்பத்திரியில."

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. அவர் மலேயாவில் ஈப்போ ஊர் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுகிற வேலையில் இருந்தாராம். ஜப்பான்காரர்கள் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டதும், சிப்பாய்கள் எட்டுப் பேருக்கு ஒரு வைத்தியம் படித்துக்கொடுக்க அவர்கள் ஊரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தாராம். மருந்து கிடையாது, எண்ணெய் கிடையாது. பெருவிரலால் உடம்பை அழுத்துவது மட்டும்தான். அதற்கு ஷியாட்சு என்று பெயர். பழகுவதற்கு ஓர் உடம்பு வேண்டுமே? எலும்பெல்லாம் எண்ணிப் பார்க்கும்படி இருந்த இவரைப் பிடித்துப் பாயில் படுக்கவைத்தார்கள். பத்து மாதம், தினம் மத்தியானம், எட்டு ஜோடிப் பெருவிரல். கூலியாக ஒரு படி அரிசி.

"அதை எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றேன்.

"எனக்கே தெரியாது புள்ள. நான் படுத்துக் கெடந்தவன்."

"படுத்துக் கெடந்த ஒடம்புக்குத் தெரியுமில்ல? அது சொல்லட்டும்."

மலேயாவிலிருந்து வந்தபின் அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாளே பாடம் ஆரம்பமானது.

கூடத்தில் கோரைப்பாயை விரித்து அவர் குப்புறப் படுப்பார். நான் பக்கத்தில் மண்டியிடுவேன். மண்டியிடுவது எனக்குப் புதிதில்லை, கோயிலில் பழகியதுதான். முதல் நாள் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் பலங்கொண்ட மட்டும் குத்தினேன்.

"அமுக்காத. சாஞ்சிரு" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. அமுக்குனா ஒன் கோவம் வரும். சாஞ்சா ஒன் கனம் மட்டுந்தான் வரும்."

எனக்குக் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அது அவர் முதுகுக்கும் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்துத்தான் அவர் சொன்னது விளங்கியது. முழங்கையை மடக்காமல், பெருவிரலின் சதையை வைத்து, அடிவயிற்றிலிருந்து மெல்ல முன்னால் சாய வேண்டும். கை ஒன்றும் செய்யாது. அவர் மூச்சு வெளியே போகும்போது நான் உள்ளே போக வேண்டும். எவ்வளவு நேரம் என்றால், ஜப்பான் எண்ணிக்கையில் மூன்றோ ஐந்தோ. அந்த எண்கள் என் வாயில் நிற்கவில்லை. செபமாலை உருட்டிப் பழகிய எனக்குத் தெரிந்த அளவை ஒன்றுதான். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தில் பாதி சொல்லும் நேரம் அழுத்தம், மீதிப் பாதியில் விடுதல். பத்து மந்திரத்தில் தோள்பட்டையிலிருந்து இடுப்புக்கு வந்துவிடுவேன்.

அந்தப் பிற்பகல்களை நினைத்தால் இப்போதும் கண் சொக்குகிறது. கொள்ளிடத்திலிருந்து காற்று மணல் வாசத்தோடு வரும். கூரை இடுக்கில் இறங்கும் வெயில் அவர் முதுகில் புள்ளி புள்ளியாக நகரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு எங்கிருந்தோ பேசுவார். ஈப்போவில் நான்கு மணிக்கு மழை வருமாம். தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தில் எட்டுப் பேரும் ஒன்றாக மூச்சு விடுவார்களாம். யாருடைய கை என்று பார்க்காமலே சொல்லிவிடுவாராம். ஒருவன் விரல் மீன்காரன் விரல், உப்பும் குளிரும். இன்னொருவன் வீட்டு நினைவாகவே அழுத்துவான். கேட்டுக்கொண்டே சாய்ந்து சாய்ந்து நானும் பாதித் தூக்கத்துக்குப் போய்விடுவேன். பார்த்தேயிராத அந்த நீளக் கூடம் எனக்குத் தெரியும். அவர் சொன்ன ஈயச் சுரங்கத்து மண் மேடு தெரியும், மழை தெரியும். எட்டுப் பேருக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் ஒன்பதாவது ஆள் நான். பக்கத்துப் பையன் என் முழங்கையைத் தொட்டு நிமிர்த்திவிடுவான். அவன் எதிரி நாட்டுச் சிப்பாய் என்பதே அப்போது நினைவில் இருக்காது.

அவர் மட்டும் தூங்கமாட்டார்.

"மேல போயிட்ட." "கீழ வந்துட்ட." "எடது விரலு நடுங்குது." கரை சேருகிற நேரத்தில் ஒரு குறை சொல்லி எழுந்து உட்கார்ந்துவிடுவார். சரி, என் கைக்குத்தான் இன்னும் வரவில்லை என்று வேறு உடம்பு தேடினேன்.

வீட்டிலேயே ஓர் உடம்பு இருந்தது. என் ஓரகத்தி ஆரோக்கிய செல்வி, பாக்கியராஜின் மனைவி. கல்யாணமாகி நான்கே மாதத்தில் புருஷனைக் கப்பலேற்றியவள், இப்போது இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை. எங்களோடுதான் இருந்தாள். எங்கள் பக்கத்தில் தம்பி மனைவி புருஷனின் அண்ணனுக்கு எதிரே நிற்கமாட்டாள். சோறு வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள், பேச்சு கிடையாது. இவரைப் 'பெரியவங்க' என்பாள், அதுவும் என்னிடம்தான். அவர் கொல்லைக்குப் போன நேரத்தில் அவளைப் படுக்கவைத்தேன். பிடரிக் குழியில் விரல் வைத்து மூன்று மந்திரம்கூட முடியவில்லை, தூங்கிப்போனாள். எழுந்தவள், "எனக்கும் காட்டுங்கக்கா" என்றாள். என்ன காட்டுவது? தினமும் படுத்துப் படுத்து அவளே தெரிந்துகொண்டாள். பக்கத்து வீட்டுச் சிந்தாமணி தலைவலி என்று வந்தபோது ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் செல்வி. சிந்தாமணி விட்ட குறட்டையில் கோழி கூடையைவிட்டு ஓடியது. அதற்குப் பிறகு இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு என்று வாரத்துக்கு நாலு பெண்கள் வந்தார்கள். அத்தனை பேரும் தூங்கினார்கள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு நாள் அவர் முதுகில் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, மூன்று தடவை சாய்ந்தேன். முதலில் மேலே போயிட்ட என்றார், அடுத்து கீழே வந்துட்ட என்றார், மூன்றாவதுக்கு விரல் நடுங்குதாம். குனிந்து பார்த்தேன். அவர் வலது கை தொடைக்கடியில் இருந்தது. இழுத்தேன். தொடையில் வரிசையாக நகக் கீறல், பழையது கறுப்பாக, புதியது சிவப்பாக. தூக்கம் வரும்போதெல்லாம் தன்னையே கிள்ளிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"எட்டு மாசமா மண்டி போட்டு என் முட்டி தேஞ்சு போச்சு! என் கையி சரியில்லன்னு மாதாகிட்ட அழுதிருக்கேன்! தூங்க வேணாம்னா அதை வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா?"

அவர் எழுந்து உட்காரவில்லை. பாயில் முகம் வைத்தபடியே சொன்னார்.

"ஈப்போவுல அன்னைக்கு அந்த எட்டுப் பேருக்கும் பரீட்சை புள்ள. யாரு கையில நான் தூங்குறனோ அவன் பாஸு. தூங்கிட்டேன். பாக்கியராசு என்னைப் பாக்க வந்திருக்கான். வாசல்ல லாரிய நிறுத்தி ஆள் புடிச்சிருக்கானுவ. 'அண்ணே'ன்னு கூப்புட்டான். காதுல வுழுந்துச்சு. நம்ம கடலக் கொல்லையில நின்னு கூப்புடுறான், கஞ்சி கொண்டாந்திருக்கான்னு நெனச்சேன். இருடா வரேன்னேன். வாயால சொன்னனா, கனவுல சொன்னனா, தெரியல. முழிச்சப்ப லாரி போயிருச்சு. எங்கிட்ட ஆஸ்பத்திரி ஆளுன்னு சீட்டு இருந்துச்சு. என் தம்பின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறக்கி வுட்டுருப்பானுவ. அதுக்கப்புறமும் படுக்கச் சொன்னானுவ, படுத்தேன். ஒருத்தன் கையிலயும் நான் தூங்கல."

உள்ளே விதைக் கடலை உடைக்கும் சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுபோனதை அப்போதுதான் கவனித்தேன். கதவுக்குப் பின்னால் செல்வி இருந்தாள்.

அதற்குப் பிறகு பாடம் இல்லை. பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டேன். செல்வி சமைத்தாள், தட்டு வைத்தாள், கோயிலுக்குப் போய் வந்தாள், யாரோடும் பேசவில்லை. அவர் சாப்பிடாமலே கொல்லைக்குப் போனார். ஆறாம் நாள் காலையில் அவள் தன் தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வரதராசன்பேட்டையில அண்ணன் வூட்டுக்குப் போறேங்க்கா" என்றாள்.

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? அவளுக்கு மோர் சாதம் கட்டிக்கொடுத்தேன். அழுதுகொண்டேதான் கட்டினேன்.

அவள் கிளம்புவதற்குள் சிந்தாமணி வீட்டுக்காரரும் இன்னொருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொல்லையில் நின்ற வாக்கில் விழுந்துவிட்டாராம். பாயை விரித்துக் கிடத்தினோம். உடம்பு அனலாகக் கொதித்தது. கண் மட்டும் மூடவில்லை, மூட விடவில்லை. கை தொடையைத் தேடியது. வந்தவர்கள் கடைசிச் செபம் சொல்ல உபதேசியாரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சத்தம் போட்டு அவர்களை வெளியே அனுப்பினேன்.

அவரைக் குப்புறத் திருப்பி, எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சாய்ந்தேன். ஆனால் என் விரல் நிஜமாகவே நடுங்கியது. மந்திரம் பாதியில் மறந்து மறந்து போனது. கனம் வரவில்லை, பயம்தான் வந்தது.

வாசலில் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது. செல்வி உள்ளே வந்தாள். அவர் இருக்கிற கூடத்துக்குள் அவள் நடு வழியாக நடந்து வந்து நான் பார்த்ததே இல்லை. என் தோளைத் தொட்டு நகர்த்தினாள். நான் நகர்ந்தேன். அவள் மண்டியிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் தோள்பட்டைகளுக்கு நடுவே இரண்டு பெருவிரலையும் வைத்தாள்.

எட்டுப் பேர் கையைக் கண்ணை மூடியே பிரித்துச் சொன்ன உடம்பு அது. அவர் முதுகு கட்டைபோல் விறைத்தது. பதறிப்போய் இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தார்.

"படுங்க" என்றாள் செல்வி.

எட்டு வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் படுத்துவிட்டார். முதுகு குலுங்கத் தொடங்கியது. சத்தமே இல்லாமல் வெகு நேரம் குலுங்கியது. அவள் விரலை எடுக்கவில்லை. அவர் மூச்சு போகும்போது சாய்ந்தாள், வரும்போது விட்டாள். கண்ணீர் அவள் மூக்கு நுனியிலிருந்து அவர் முதுகில் சொட்டியது. இடுப்பு வரை இறங்கி, மறுபடி கழுத்துக்கு ஏறினாள். தொடைக்கடியில் போயிருந்த கையை நான் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. வெயில் புள்ளிகள் முதுகைத் தாண்டிச் சுவருக்குப் போயின. மூச்சு நீண்டது.

வாய் லேசாகத் திறந்திருந்தது. எச்சில் பாயில் வழிந்தது. அவர் தூங்குவதை நம்ப எனக்கு வெகு நேரம் ஆனது.

சாயங்கால மணி அடித்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவர் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. தோளைத் தட்டக் கையை நீட்டினேன்.

செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாதீங்கக்கா" என்றாள். "தூங்கட்டும்."