உச்சி ஜன்னலில் ஓர் உபயம்

இசக்கிசெல்வி கட்டிய முதல் மாதா கோயில் குத்துக்கல்வலசையில் எழும்பி நின்றது. சாரல் மாதங்களில் தென்காசிப் பக்கம் பகலே மங்கிக் கிடக்கும் என்பதால், கிழக்குச் சுவரின் உச்சியில் நீளமாகக் கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தாள். வெளிச்சம் மேலிருந்து இறங்கி எதிர்ச்சுவர் வரை போகும். அந்த வெளிச்சத்துக்காகத்தான் அந்த இன்ஜினியர் பெண் தொண்டைத் தண்ணீர் வற்றக் கோயில் கமிட்டியோடு மல்லுக்கட்டினாள்.

கண்ணாடியைக் கொடுத்தவர் புளியங்குடி எலுமிச்சை மண்டி சவரிநாயகம். நம் ஊரில் டியூப் லைட் கொடுத்தால்கூட அதன் மேலேயே உபயம் எழுதி, கொடுத்த வெளிச்சத்தில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். இவர் மட்டும் சும்மா இருப்பாரா? ஜன்னல் முழுக்கக் கறுப்புப் பெயின்டில், முழ உயர எழுத்தில் தன் பெயர் வேண்டும் என்றார்.

"வெளிச்சம் செத்துப்போகும் அண்ணாச்சி."

"அதுக்காவ நம்ம பேரு தெரிய வேண்டாமாக்கும்?"

பங்குச் சாமியாரும் கையை விரித்துவிட்டார். இசக்கிசெல்விக்கு அழுகை முட்டியது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அது சிரிப்பாக மாறிவிட்டது.

"எழுதுங்க அண்ணாச்சி. ஆனா உள்ள இருக்கவங்களுக்கு உங்களத் தெரியாதா என்ன? ரோட்டுல போறவன் வாசிக்குத மாதிரி வெளிய பாத்து எழுதுங்க."

சவரிநாயகம் குளிர்ந்துபோனார். "வெவரமான புள்ள!"

திருவிழாக் காலை. வெயில் சுள்ளென்று ஏறியது. பூசைக்கு முன், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. மேற்குச் சுவரோரம் சாமியார் உட்கார்ந்திருந்த வெள்ளைக் கூண்டின் மேல் ஜன்னல் எழுத்தின் நிழல் வந்து படிந்தது. வெளியே பார்த்து எழுதியதால் உள்ளே நேராகவே விழுந்தது: 'உபயம்: சவரிநாயகம்.'

வரிசையில் முதலில் நின்றவள் பின்னால் திரும்பினாள். "ஏட்டி, நாம செய்யுத பாவமெல்லாம் அண்ணாச்சி உபயமா?"

கோயிலே குலுங்கியது. சவரிநாயகம் இசக்கிசெல்வியைத் தேடிப் பிடித்தார்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"வெயிலு எங்கன விழும்னு பாத்துத்தான அண்ணாச்சி ஜன்னலே வச்சேன்?"

அவர் விறுவிறுவென்று போய்க் கூண்டுக்கு முன்னால் முழந்தாளிட்டார். புகார் சொல்லத்தான் போயிருக்கிறார் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. வெகுநேரம் கழித்துத் தலையைத் தொங்கப்போட்டபடி திரும்பி வந்தார்.

"சாமி என்ன சொன்னாங்க அண்ணாச்சி?"

"பெருமை பெரிய பாவமாம்லா. பத்து அருள்நிறை மரியே செபம் சொல்லணும்னாரு," என்றார் சவரிநாயகம். "அதோட பெயின்ட அழிக்க ஒரு பாட்டில் தின்னரும்."